பக்கத்தின் கடைசி வரி

கம்ப்யூட்டரில் போட்ட ஒரு வேலையைத் தப்பில்லாமல் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று பழவேற்காடு ஏரிக்கரையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வேறு யாராவது சொல்லட்டும் என்று முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து பார்த்துவிட்டேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் இறால் சீசன். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் எனக்கு இரண்டு ஃபைபர் படகு, ஒரு ஐஸ் வண்டி, ஓட்டு வீடு, வீட்டு வாசலில் சிமெண்டில் செய்த மீன் பொம்மை ஒன்று. பொம்மைக்குக் கண் மட்டும் சரியாக அமையவில்லை. மற்றதெல்லாம் இந்தக் கை சம்பாதித்தது.

கதைக்குப் போகுமுன் பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் இறால் ஓடிவருகிற வழி ஒன்று இருக்கிறது. அங்கே கழி நட்டு வலை கட்ட ஒரு செட்டுக்குத்தான் இடம். செட்டு என்றால் ஒரு படகு, ஒரு வலை, ஐந்தாறு ஆள். எங்கள் குப்பத்தில் இருபத்துநான்கு செட்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே போனால் வலையைவிட மண்டைதான் அதிகம் கிழியும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு செட்டு என்று முறை வைத்துப் போவோம். அந்த முறைதான் பாடு. மற்ற நாளில் ஏரியில் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாம், வயிறு நிறையும். ஆனால் முகத்துவாரப் பாடு வருகிற நாள் வேறு. அன்றைக்கு வீட்டில் பெண்டாட்டிகூட மரியாதையாகப் பேசுவாள்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்க மாட்டோம். அன்றைக்குப் பாடு இருந்தவனுக்கு அது போய்விடாது, மறுநாள் அவனுக்கு. மறுநாள்காரனுக்கு அதற்கு அடுத்த நாள். இப்படி இருபத்துநான்கு செட்டும் ஒரு நாள் நகர வேண்டும். இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, திரும்ப எழுதி வைத்திருந்தவர் எங்கள் எழுத்துக்கார மாமா. எனக்கு மட்டும் மாமா இல்லை, ஊருக்கே மாமா. ஒரு மாசத்தில் மூன்று சாவு விழுந்தால் அவருடைய நோட்டில் காகிதம் தேய்ந்து அந்தப் பக்கம் தெரியும். அப்படித் தேய்ந்த ஓர் இடத்தில் ஒரே நாளுக்கு இரண்டு செட்டு ஏறி, அந்தச் சண்டையில் ஒருத்தனுக்குப் பல் போனது. போன பல் மாமாவுடைய தம்பி மகனுடையது என்பதால் விஷயம் பெரிதாகாமல் முடிந்தது.

அந்தச் சமயத்தில் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற பழவேற்காடு டவுனில் டைப் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த பாய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். நான் அவர் வீட்டுக்கு மீன் கொடுக்கப் போனவன், அதைப் பார்க்க வேண்டும் என்றேன். செருப்பைக் கழற்றச் சொன்னார். மீன் வாடை ஆகாது என்று கையையும் கழுவச் சொன்னார். கோயில்கூட என்னை அவ்வளவு கேட்டதில்லை. உள்ளே மிஷினுக்கு முன்னால் டைப் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் உட்கார்ந்திருந்தார். மெட்ராசுக்குப் பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் படித்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்காமல் கிண்டல் பண்ணுகிற ரகம்.

"பாய், இது இன்னா பண்ணும்?" என்று கேட்டேன்.

"இன்னா சொன்னாலும் பண்ணும் நைனா. ஆனா சொன்னத மட்டும்தான் பண்ணும்."

"எங்க செட்டுக்கு இப்டி ஒரு ஆளு கெடச்சா எவ்ளோ நல்லா இருக்கும்."

டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "கெடச்சா ஒரே நாள்ல தொரத்திடுவீங்கண்ணே."

அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. சாவு விழுந்த தேதியை இந்த மிஷினில் தட்டினால் இருபத்துநான்கு செட்டையும் இதுவே நகர்த்தி எழுதிக்கொடுத்துவிடும். ரப்பர் வேண்டாம், பல் போக வேண்டாம். செட்டுக்குச் செட்டு படகு முகப்பில் நம்பர் எழுதியிருக்கிறது, என்னுடையது ஏழு. பெயரைப் படிக்கத் தெரியாதவனுக்கும் நம்பர் தெரியும். தேதியும் நம்பரும் போட்டால் பட்டியல் முடிந்தது.

ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பத்தொன்பதாம் நம்பர் செட்டுக்காரன் என் பெண்டாட்டியின் அண்ணன். மச்சான் என்ற உறவே என்னை எதிர்த்துப் பேசுவதற்காக ஏற்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அவன் எழுந்தான்.

"மாப்ள, உன் ஐஸ் வண்டி வாரத்துக்கு ரெண்டு தபா நடுரோட்டுல நிக்குது. நீ மிஷினு வெச்சி ஊரு பாட்ட ஓட்டப் போறியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் நான் அளந்து பேச மாட்டேன்.

"ஒரே ஒரு நாளு, ஒரே ஒரு செட்டு தப்பிப் போச்சின்னா, அடுத்து வர்ற என் முகத்துவாரப் பாட்ட அந்த செட்டுக்கு உட்டுக்குடுக்கறேன். ஆத்தா மேல சத்தியம்."

எழுத்துக்கார மாமா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் கை சும்மா இருக்காது.

இப்போது நான் சொல்லப்போகிற விஷயம் எழுபதுகளில் கற்றுக்கொண்டது. கல்யாணமான புதிதில், சொந்தப் படகு வருவதற்கு வெகு முன்பு, வேறொருவர் செட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செட்டில் இரண்டு கட்டளை. முடிச்சுப் போட்டவன் அதை இழுத்துப் பார்க்கக் கூடாது, வேறொருத்தன்தான் இழுக்க வேண்டும். போட்டவன் கைக்குத் தன் முடிச்சு எப்போதும் இறுக்கமாகத்தான் தெரியும். இரண்டாவது, வலை தண்ணீரில் இறங்குமுன் 'நான் போட்டது தப்பு' என்று எவன் வாயைத் திறந்தானோ அவனை ஒரு வார்த்தை திட்டக் கூடாது. மறைத்தவன் ஒரு மாசம் செட்டுக்குச் சோறாக்க வேண்டும். நான் ஒரு தடவை மறைத்தேன். அந்த மாசம் நான் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்ட ஆறு பேரும், இனிமேல் இவன் எதை மறைத்தாலும் மன்னித்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

இந்த இரண்டு கட்டளையையும் டீச்சரிடம் சொன்னேன். அவர் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு, "மெட்ராஸ்ல ஆறு மாசம் காசு வாங்கிட்டு இத சொல்லித்தரலண்ணே" என்றார். இதை நான் ஐம்பது தடவையாவது எல்லாரிடமும் சொல்லியிருப்பேன். இப்போது ஐம்பத்தொன்று.

அதனால் வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். டீச்சர் முடிச்சுப் போடுவார். எழுத்துக்கார மாமா இழுத்துப் பார்ப்பார். நான் எல்லாவற்றையும் மேற்பார்வை செய்வேன், அதாவது படகில் டீச்சரையோ மாமாவையோ ஏற்றிக்கொண்டு போய்வருவேன். மாமாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதுதான் வசதி. அவர் மிஷினைப் பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார்.

புதுப் பட்டியல் போடுவதற்கு முன்னால், போன வருஷத்துச் சீட்டையும் போன வருஷத்துச் சாவையும் மிஷினுக்குக் கொடுத்து, போன வருஷப் பட்டியலைப் போடச் சொல்வோம் என்று நான் சொன்னேன். என்ன நடந்தது என்று நோட்டில் இருக்கிறது, ஒத்துப் பார்க்கலாம். நான் சொன்னேனா மாமா சொன்னாரா என்று பின்னாளில் ஒரு சர்ச்சை கிளம்பியது. மாமா இப்போது இல்லை, ஆகவே நான்தான்.

மிஷின் கொர் கொர் என்று கத்திக்கொண்டே ஓரமெல்லாம் ஓட்டை போட்ட காகிதத்தைத் துப்பியது. மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டினார். ஆடி மாசத்தில் விரல் நின்றது.

"இன்னா டீச்சரம்மா, ஆத்தா திருநாளுக்குப் பன்னெண்டாம் நம்பர தண்ணில எறக்கிட்டீங்க. அவனுக்கு மொட்டை போட்டு இன்னும் தலைல சந்தனம் காயல."

"திருநாளுக்கு மீன் புடிக்க மாட்டீங்களா?"

"ஊரே கோயில்ல கீது. எவன் புடிப்பான்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "அண்ணே, இத நீங்க சொல்லவே இல்லியே."

"இது போயி சொல்லணுமா டீச்சர்? ஆத்தாளுக்கு லீவுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

தெரியாதாம். வெளியே உட்கார்ந்திருந்த பாய், "நைனா, அது எங்க பண்டிகையும் அறியாது, உங்க பண்டிகையும் அறியாது, டீச்சரோட கிறிஸ்மஸும் அறியாது. எல்லாருக்கும் ஒரே மாரி" என்று சமாதானம் சொன்னார்.

அன்றையிலிருந்து, சொல்ல வேண்டியதே இல்லை என்று நாங்கள் நினைத்ததையெல்லாம் தேடித் தேடிச் சொன்னோம். திருநாள் மூன்று நாள். புயல் கொடி ஏற்றினால் சாவு மாதிரியே கணக்கு. ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் ஒரு நாள்தான் நகரும், இரண்டு நாள் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்வோம். டீச்சர் ஒன்றை மட்டும் மாற்றுவார், உடனே போன வருஷப் பட்டியலைத் திரும்பப் போடுவார், மாமா விரல் ஓட்டுவார். சரியாக இருந்தால்தான் அடுத்தது. ஒரே நாளில் நான்கைச் சேர்த்து மாற்றிவிடுங்கள், எனக்கு டீசல் மிச்சம் என்று நான் கேட்டபோது டீச்சர் ஒப்பவில்லை. "நாலு எடத்துல மாத்திட்டு வலை கிழிஞ்சா, எது கிழிச்சதுன்னு எப்டிண்ணே தெரியும்?" என் பாடத்தை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

கரண்ட் போனாலும் வேலை போகக் கூடாது என்று டீச்சர் எல்லாவற்றையும் இரண்டு ஃப்ளாப்பியில் எழுதி, ஒன்றை இன்ஸ்டிடியூட்டில் வைத்துக்கொண்டு, ஒன்றை என்னிடம் கொடுத்தார். சப்பாத்தி மாதிரி மெல்லிசாகக் கறுப்பாக ஒன்று. "பத்திரம்ணே, கெடாம வெச்சுக்கங்க" என்றார். எங்கள் ஊரில் கெடாமல் இருக்க வேண்டியது எதுவானாலும் ஐஸ் பெட்டிக்குத்தான் போகும். நான் நல்ல ஐஸாகப் பார்த்துப் போட்டு, வஞ்சிரத்துக்கும் கொடுவாவுக்கும் நடுவில் வைத்தேன். அடுத்த வாரம் அதை டீச்சர் கையில் கொடுத்தபோது அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் கோபப்படவில்லை. தண்ணீரில் இறங்குமுன் நானாகவே உண்மையைச் சொல்லிவிட்டேன் அல்லவா, கட்டளைப்படி திட்ட முடியாது. ஆனால் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஃப்ரெஷ்ஷாதான் இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

புரட்டாசியில் பட்டியலை ஊரில் ஒட்டினோம். டீக்கடைத் தட்டியில் மிஷின் காகிதம், பக்கத்தில் ஆணியில் மாமாவின் நோட்டு. ஒரு மாசம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும், ஒத்துப்போனால் நோட்டை மூடலாம் என்று பேச்சு. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. நடுவில் ஒரு சாவு விழுந்தது. டீச்சர் தேதியைத் தட்டினார், மாமா விரல் ஓட்டினார், மறுநாள் காலையில் புதுக் காகிதம். பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து ஆட்கள் வந்து தட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிற என் சித்தப்பா மகன், "கம்ப்யூட்டர்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தான். அவன் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டான், நான் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். மாசம் முடிந்ததும் ஊர் பார்க்க நோட்டை ஆணியிலிருந்து எடுத்து மாமா கையில் கொடுத்து, "ஓய்வெடு மாமா" என்றேன். மாமா அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

ஐப்பசிக் கடைசியில் மேலத்தெருவில் ஒரு பெரியவர் போய்விட்டார். தொண்ணூறைத் தாண்டியவர், நிறைவான சாவு. சாவு எடுத்த மறுநாள் நான் டவுனுக்குப் போய்த் தேதியைச் சொன்னேன். டீச்சர் தட்டினார். திரையில் பட்டியல் ஒரு நாள் நகர்ந்தது. நான் என் ஏழாம் நம்பரைத் தேடினேன். ஏழுக்கு நேராக இருந்த தேதியைப் பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கார்த்திகை அமாவாசை.

கார்த்திகை அமாவாசையில் முகத்துவாரப் பாடு என்பது என்ன என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. மழைத் தண்ணீர் இறங்கி, நீவாடு என்கிற நீரோட்டம் வேகமாக இழுத்து, வருஷத்தில் அதிகமாக இறால் ஓடுவது அந்த ஒரு நாள். பதினைந்து வருஷமாக என் செட்டுக்கு அது வாய்த்ததில்லை. முந்தின நாள் வரும், அடுத்த நாள் வரும், அமாவாசை மட்டும் வராது. மேலத்தெருப் பெரியவரை மனசார வாழ்த்தினேன். உயிரோடு இருந்தபோது அவருக்கு நான் ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"டீச்சர், இந்தத் தாளுக்கு மேல என் பேரு வரணும். பெருசா."

"எதுக்குண்ணே?"

"யாரு கொண்டாந்ததுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

"ஊருக்கு வேற எது தெரியுதோ இல்லியோ, அது நல்லாவே தெரியும்."

"ஒரே ஒரு வரி டீச்சர்."

டீச்சர் யோசித்தார். போடலாம், ஆனால் இன்றைக்கு அடித்ததை மாமா பார்த்த பிறகு ஒட்டுங்கள், எப்போதும்போல, என்றார். மாமா சாவு வீட்டில் இருக்கிறார், கூட்டிவர நேரமாகும், ஒரு வரிக்காக அந்த வயசான மனுஷனை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று நான் கருணையோடு பேசினேன். தேதி ஒன்றையும் தொடவில்லையே, பெயர்தானே. மிஷின் கத்தியது. காகிதத்துக்கு மேலே கொட்டை கொட்டையாக இங்கிலீஷ் எழுத்து. அது என் பெயர்தான் என்று டீச்சர் சொன்னார், நம்பினேன். ஊரிலும் யாருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் பெரிசாக இருந்தது. நானே பசை தடவி ஒட்டினேன்.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நான் முகத்துவாரத்துப் பக்கம் வேறு வேலையாகப் போனேன். அங்கே மூன்று படகு நின்றிருந்தது. பதினெட்டாம் நம்பர், பத்தொன்பதாம் நம்பர், இருபதாம் நம்பர். மூன்று செட்டும் கழியைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து எங்க பாடு பாதில நின்னுபோச்சி, இன்னிக்கு ஆளு இல்லன்னா எங்களுதுதான்" என்றது பதினெட்டு.

"தாள்ல இன்னிக்கு தேதியே இல்ல. நாளைக்கு எங்க பாடு, இன்னிக்கே எறக்கறோம். உனக்கு இன்னா?" என்றது இருபது.

நடுவில் என் மச்சான். "பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவுல இன்னாடா நம்பரு? பள்ளிக்கூடம் போனவன் எவனாவது சொல்லுங்கடா."

என்னைப் பார்த்ததும் மூன்று படகும் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

யார் கழி நடுவது என்று தீருவதற்குள் நீவாடு திரும்பிவிட்டது. நீவாடு திரும்பினால் அன்றைக்கு அங்கே வலை கட்ட முடியாது. மூன்று செட்டும் வெறும் படகாகத் திரும்பியது. டீக்கடைத் தட்டியைப் பார்த்தோம். மச்சான் சொன்னது சரி. முதல் பக்கத்தில் கடைசியாகப் பதினெட்டு. அடுத்த பக்கம் இருபதில் ஆரம்பம். நடுவில் ஒரு தேதியும் ஒரு செட்டும் காணாமல் போயிருந்தது. அவனவன் தன் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனதால் யாருக்கும் கண்ணில் படவில்லை. மச்சான் மட்டும் தேதியைப் பார்க்காமல் விரல் மடித்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கக்கத்திலிருந்த நோட்டைத் திறந்தார். நான் ஓய்வு கொடுத்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைய தேதி, பத்தொன்பது. பென்சிலில், தெளிவாக.

சாயங்காலம் டீக்கடை முன்னாலேயே ஊர்க்கூட்டம். கேள்விப்பட்டு டீச்சரும் படகு ஏறி வந்துவிட்டார். பெண் ஆள் தனியாக வந்து நின்றதால் ஒருத்தரும் கத்தவில்லை. அவர் கையில் ஒரு வெற்றுக் காகிதம் வைத்திருந்தார்.

"மிஷினுக்கு ஒரு பக்கத்துக்கு இத்தன வரின்னு சொல்லி வெச்சிருக்கேன். மேல ஒரு வரி கூடினா, கீழ ஒரு வரி வெளிய வுழுந்துடும். அதுதான் வுழுந்திருக்கு. நான் அடிச்சத எண்ணிப் பாக்கல. தப்பு என்னுது."

அவ்வளவுதான் சொன்னார். மேலே வரி ஏன் கூடியது, யார் கேட்டது, யார் மாமாவைக் கூட்டிவர வேண்டாம் என்றது, எதையும் சொல்லவில்லை.

ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அவர் என் பங்காளி, என்னைக் காப்பாற்ற நினைக்கிற ஆள். "டீச்சரம்மாவே ஒத்துக்கிச்சி. மிஷினு தப்பு. இவன் தப்புன்னாதான சத்தியம்? இவன் அமாவாசைப் பாடு இவனுக்கே இருக்கட்டும். மிஷின கட்டி வெச்சிட்டு நோட்டுக்கே போவோம்."

கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கார்த்திகை அமாவாசை என் கையில். பதினைந்து வருஷம். நான் டீச்சரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தேன், அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். எழுபதுகளில் ஒரு மாசம் சோறாக்கியது ஞாபகம் வந்தது. அந்த அடிப்பிடித்த வாசனைகூட வந்தது.

எழுந்து நின்றேன்.

"இன்னா பேசறீங்க எல்லாரும்? டீச்சரு தப்பாமே. இவ்ளோ பெரிய தப்பு பண்ண டீச்சருக்கு இன்னா தகிரியம் கீது? இந்தக் குப்பத்துல இத என்ன உட்டா வேற எவனால பண்ண முடியும்? மேல கீற அந்த வரி இன்னா தெரியுமா? என் பேரு. நான்தான் போடச் சொன்னேன். மாமா இழுத்துப் பாக்கட்டும்னு அந்தம்மா சொல்லிச்சி. நான்தான் வேணாம்னேன். முடிச்ச நானே போட்டு நானே ஒட்டினேன்."

மச்சான் தட்டிப் பக்கம் போய் அந்தக் கொட்டை எழுத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இதுவா உன் பேரு? நான் ஏதோ மிஷினு கம்பெனி பேருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

கூட்டம் சிரித்தது. டீச்சரும் சிரித்தார், அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமா நோட்டைத் திறந்து என் சத்தியத்தைச் சத்தமாகப் படித்தார். அமாவாசைப் பாடு பத்தொன்பதுக்கு. என் செட்டு ஆட்கள் ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விட்டுவிடுவோம். அவர்களுக்கும் அது பதினைந்து வருஷம்தான். சீசன் முடிகிறவரை ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று அவர்கள் சொல்வது, நான் கேட்பது என்று பேசித் தீர்த்தேன். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"சொன்னவனத் திட்டக் கூடாதே மாமா, நம்ப கட்டளை" என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

"வலை தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி சொன்னாதான்டா அது. எறங்கினப்புறம் சொன்னா திட்டு பாதி, சோறு பாதி. அமாவாசைக்குப் பத்தொன்பதாம் செட்டுக்கு நீதான் ஆக்கணும்."

அமாவாசை அன்றைக்கு மச்சான் செட்டு முகத்துவாரத்துக்குப் போனது. மறுநாள் விடிந்ததும் கரையில் அடுப்பு மூட்டி நான் குழம்பு வைத்தேன். இளவெயிலில் அவன் படகு வந்தது. எவ்வளவு இறால் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. படகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான்கு விரல்தான் இருந்தது. மச்சான் இறங்கி வந்து உட்கார்ந்து என் குழம்பை ஒரு வாய் வைத்தான்.

"மாப்ள."

"சொல்லு மச்சான்."

"பாட்ட நீ வெச்சிகினு எங்கள சும்மா உட்டிருக்கலாம்."

மிஷினைக் கட்டி வைக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமே மாமாவும் டீச்சரும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். மேலே இருந்த என் பெயர் போனது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்திலும் கடைசித் தேதிக்குக் கீழே, கடைசி வரியில், ஏழு என்று என் நம்பரை மட்டும் தனியாக அடித்தார்கள். எங்கேயாவது ஒரு வரி கூடிவிட்டால் முதலில் விழுவது அந்த ஏழுதான். "வுழறதுன்னா இவன் வுழட்டும், மத்தவன் பாடு வுழக் கூடாது" என்று மாமா கூட்டத்தில் அறிவித்தார். கீழே ஏழு இல்லாத தாளைப் பார்த்தால் ஒருத்தனும் படகை அவிழ்க்கக் கூடாது, நேராக மாமாவிடம் போக வேண்டும்.

மச்சான் இதைத் தண்டனை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் மறுக்கவில்லை. அவன் இறால் மயக்கத்தில் இருந்தான். நான் மட்டும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். புதுத் தாள் ஒட்டியதும் இருபத்துநான்கு செட்டும் வரும். எவனும் இப்போது தன் நம்பரை முதலில் தேடுவதில்லை. எல்லாரும் குனிந்து, கடைசி வரியில் என் ஏழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார்கள். பத்தொன்பதும் குனிவான்.